எதில் 30 சதவீதம்?

கேள்வி: எனக்கு 56 வயது. இடது மார்பில் சின்னப் புற்றுநோய்க் கட்டி, ஆபரேஷன் முடிந்துவிட்டது. நெறிக்கட்டிக்குப் பரவவில்லை, ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் அதிகமில்லை) என்று ரிப்போர்ட். ஹார்மோன் மாத்திரையோடு கீமோவும் எடுத்தால் நோய் திரும்புவது 30 சதவீதம் குறையும் என்கிறார் டாக்டர். மேற்கொண்டு கணக்குக் கேட்டால், "தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போறே? பயந்துதான் போவே" என்கிறான் மகன். நான் கேட்பது தப்பா?
— வாசகி, திருச்சி

பதில்: தப்பே இல்லை அம்மா. கீமோ ஏறப்போவது உங்கள் உடம்பில்.

ஜவுளிக்கடையில் 30 சதவீதத் தள்ளுபடி என்றால் முதலில் புடவை விலையைத்தானே பார்ப்போம்? இங்கேயும் அதேதான். உங்களைப் போன்ற 100 பேரில், மாத்திரை மட்டும் எடுத்தால் 10 பேருக்கு நோய் திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் குறைந்தால் 7. ஆக, கீமோவால் தப்பிப்பது 3 பேர். முடி கொட்டுவதும் வாந்தியும் அசதியும் 100 பேரில் யாருக்கும் வரலாம். அதுவே 40 பேருக்குத் திரும்பக்கூடிய நோயாக இருந்தால் தப்பிப்பது 12 பேர். இரண்டுக்கும் பெயர் '30 சதவீதம்'தான்! மூன்றே பேர் என்றாலும் எடுத்துக்கொள்கிறேன் என்பவரும் உண்டு, இதற்கா இவ்வளவு பாடு என்பவரும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் என்று மகனாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

உங்கள் வகை நோய்க்கு கட்டியின் 21 மரபணுக்களைப் பார்த்து, நோய் திரும்பும் வாய்ப்புக்கு மதிப்பெண் போடும் ஒரு பரிசோதனை இருக்கிறது. விலை அதிகம். 10,000 பெண்களுக்கு மேல் சேர்ந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது: அந்தப் பரிசோதனையில் நடுத்தர மதிப்பெண் வந்தவர்களுக்கு, குறிப்பாக 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, கீமோ சேர்த்ததால் பெரிதாக லாபமில்லை. உங்களுக்கு அது தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மகன் சொல்லும் பயத்துக்கு வருகிறேன். அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீவன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றில் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோய். படிக்க உருப்படியாக ஒன்றுமில்லை என்று டாக்டர் மழுப்பினார். மனிதர் நேரே நூலகத்துக்குப் போய்விட்டார். 'இடைநிலை ஆயுள் 8 மாதம்' என்று இருந்தது. முதலில் ஆடித்தான் போனார். அப்புறம் யோசித்தார்: பாதிப் பேர் அதற்குள் இறக்கிறார்கள் என்றால், மீதிப் பாதி அதைத் தாண்டுகிறார்கள், சிலர் வெகுதூரம் தாண்டுகிறார்கள். அவர் கிட்டத்தட்ட 20 வருடம் வாழ்ந்தார்.

அடுத்த முறை மகனையும் கூட்டிப் போங்கள். "என்னைப் போல 100 பேர், கீமோவோடு எத்தனை பேருக்குத் திரும்பும், இல்லாமல் எத்தனை பேருக்கு?" டாக்டர் சொல்லும் இரண்டு எண்களையும் ஒரு தாளில் மகனையே எழுதச் சொல்லுங்கள்.