தொண்டு நிறுவனத்தின் லாரிக் கணக்கு: கேட்டவையும் சொன்னவையும்

தொண்டு நிறுவனங்களுக்கு வண்டிகளையும் கிடங்கையும் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. போக்குவரத்துச் செலவு கையை மீறிப் போகிறது என்று பலரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் கேளுங்கள் என்றேன். வரி, பர்மிட், உரிமம் பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன். அவை நாட்டுக்கு நாடு மாறும். மற்றவை கீழே.

உணவு வங்கித் தன்னார்வலர்: எங்கள் ஆண்டுக் கணக்கில் 'போக்குவரத்து' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அக்கா. அதைக் குறைக்கச் சொல்கிறார்கள். எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை.

முதலில் அந்த ஒரு வரியை இரண்டாகப் பிரியுங்கள். இன்சூரன்ஸ், ஓட்டுநர் சம்பளம், தேய்மானம் (ஆண்டுக்கு ஆண்டு வண்டியின் மதிப்பு குறைவது), நிறுத்துமிட வாடகை எல்லாம் வண்டி நகராமல் நின்றாலும் வரும் செலவு. டீசல், டயர், ஆயில், சுங்கம், ரிப்பேர் எல்லாம் ஓடினால் வரும் செலவு. பல இடங்களில் டீசலையே பிடித்துத் தொங்குகிறார்கள், ஏனென்றால் அதற்குத்தான் தினமும் பில் வருகிறது. தேய்மானத்துக்கு யாரும் பில் கொடுப்பதில்லை. வண்டி செத்த பிறகுதான் அது கண்ணில் படும்.

அப்புறம் ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்: போய்ச் சேர்ந்த ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை மில்லி டீசல் ஆனது? 5 டன் லாரி ஒன்று, போக வர 200 கி.மீ., லிட்டருக்கு 4 கி.மீ. தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 லிட்டர் ஆகும். அதில் 1.5 டன் மட்டும் ஏற்றினால் கிலோவுக்கு 33 மில்லி. 5 டன்னும் ஏற்றினால் டீசல் கொஞ்சம் கூடும். 58 லிட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கிலோவுக்கு 12 மில்லிகூட வராது. மைலேஜ் குறைந்துவிட்டது, ஆனால் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. மைலேஜை மட்டும் பார்க்கிற மேலாளர் இந்த இரண்டாவது ட்ரிப்புக்குத்தான் ஓட்டுநரைத் திட்டுவார்!

ஒரு அறக்கட்டளையின் கணக்காளர்: சொந்த லாரி வாங்கலாமா, வாடகைக்கே எடுக்கலாமா என்று எங்கள் குழுவில் ஆறாத சண்டை. ஒரு வழி சொல்லுங்கள்.

சண்டையை ஒரு வகுத்தல் கணக்கு தீர்த்துவிடும். சொந்த வண்டியின் மாத நிலையான செலவை, அதாவது வண்டி நின்றாலும் வரும் செலவை, எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டிக்கு கி.மீ.க்கு ஆகும் தொகையிலிருந்து, சொந்த வண்டியை ஓட்ட கி.மீ.க்கு ஆகும் தொகையைக் கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், மாதம் எத்தனை கி.மீ. ஓடினால் சொந்த வண்டி கட்டுப்படியாகும் என்று வந்துவிடும். நிலையான செலவு 60,000, வாடகை கி.மீ.க்கு 50, சொந்த ஓட்டச் செலவு 20 என்றால் 2,000 கி.மீ. எண்கள் கணக்குப் புரிவதற்காகப் போட்டவை, உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பரபரப்பான மாதத்தின் ஓட்டத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆண்டு முழுவதற்கும் சராசரி எடுங்கள். வேலை குறைவான மாதங்களில் எத்தனை வண்டி வேண்டுமோ அத்தனையைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, கூட்டம் வரும்போது வாடகைக்கு எடுப்பதுதான் பெரும்பாலும் சரியாக வருகிறது. உச்ச நாளுக்காக வாங்கிய வண்டி மற்ற நாளெல்லாம் வெயிலில் நின்று இன்சூரன்ஸ் கட்டவைக்கும்.

முதியோர் இல்லம் நடத்துபவர்: ஒரு நன்கொடையாளர் தன் பழைய லாரியை இலவசமாகத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாம்தானே?

உடனே தலையாட்டாதீர்கள். ஐந்து விஷயம் கேளுங்கள்: ஆவணங்கள் சுத்தமா, உதிரி பாகம் உங்கள் பக்கத்தில் கிடைக்கிறதா, அந்த மாடலைத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா, உங்கள் சுமைக்கு அளவு பொருந்துகிறதா, அடுத்த ஓராண்டு பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும். பெரிய நிவாரண அமைப்புகள் இரண்டு மூன்று மாடல்களோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஃபில்டர், ஒரே டயர் அளவு, ஒரே பயிற்சி. ஐந்து வண்டி ஐந்து கம்பெனி என்றால் ஐந்து அலமாரி ஸ்பேர் வேண்டும்.

அதே நபர்: வேண்டாம் என்றால் மனம் நோகுமே!

நோகும்தான். "விற்று அந்தப் பணத்தைத் தந்தால் எங்களுக்கு இன்னும் பெரிய உதவி" என்று சொல்லிப் பாருங்கள். தொழில் செய்கிறவருக்கு இது சட்டென்று புரியும். புரியவில்லை என்றால், லாரியோடு ஓராண்டுப் பராமரிப்பையும் சேர்த்துத் தருவாரா என்று கேளுங்கள்.

கிடங்குப் பொறுப்பாளர்: எங்கள் வண்டி போகும்போது நிறைந்து போகிறது, திரும்பும்போது காலி. இதற்கு ஏதாவது செய்ய முடியுமா, மேடம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். போக்குவரத்தில் சேமிப்பு என்று ஒன்று இருந்தால் அதில் பாதி இங்கேதான் கிடக்கிறது. பாதி தூரம் காலியாக ஓடுகிற வண்டிக்கு, போய்ச் சேரும் ஒவ்வொரு கிலோவும் வரும் வழியின் செலவையும் சேர்த்துச் சுமக்கிறது.

மூன்று வழி உண்டு. ஒன்று, திரும்பும் பாதையில் நன்கொடைப் பொருள் எடுக்கும் இடங்களை அமைப்பது. உங்கள் சேகரிப்பு ஒரு நாள், விநியோகம் ஒரு நாள் என்று பிரிந்திருந்தால் இரண்டையும் ஒரே சுற்றில் கோத்துப் பாருங்கள். உணவுப் பொருள் என்றால் கெட்டுப்போன பெட்டிகளும் புதியவையும் ஒன்றாகப் படக் கூடாது, நடுவே தடுப்பு போடுங்கள். இரண்டாவது, அதே பாதையில் ஓடும் வேறு தொண்டு நிறுவனத்தோடு பேசி, அவர்கள் சரக்கை நீங்களும் உங்கள் சரக்கை அவர்களும் ஏற்றுவது. மூன்றாவது, லாரி கம்பெனிகளிடம் அவர்களுடைய காலி ட்ரிப்பில் இடம் கேட்பது. எப்படியும் காலியாகப் போகிற வண்டி என்பதால் பல கம்பெனிகள் மனமுவந்து தருவார்கள். ஆனால் நேரம் அவர்கள் சொல்வதுதான். அவசரப் பொருளை அதில் நம்பி அனுப்பாதீர்கள்.

கூடவே, எடை முதலில் நிறைகிறதா, இடம் முதலில் நிறைகிறதா என்று கவனியுங்கள். தண்ணீர் ஒரு கன மீட்டர் ஒரு டன். 5 டன் வண்டியில் 5 கன மீட்டர் தண்ணீர் ஏற்றினால் எடை முடிந்தது, மேலே முக்கால்வாசி இடம் வெறும் காற்று. போர்வையோ டயப்பரோ என்றால் கூரை வரை அடுக்கினாலும் எடை பாதிகூட வராது. இரண்டையும் தனித்தனி வண்டியில் அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன! கனமானதைக் குறைத்துக் கீழே பரப்பி, லேசானதை மேலே அடுக்குங்கள்.

தணிக்கைக்குத் தயாராகும் ஒருவர்: டீசல் திருட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

டேங்கை முழுதாக நிரப்புங்கள், ஓடோமீட்டர் எழுதுங்கள். அடுத்த முறையும் முழுதாக நிரப்பி மறுபடி எழுதுங்கள். இடையில் ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். அரை டேங்க், கால் டேங்க் என்று போட்டால் எந்தக் கணக்கும் நிற்காது. பில்லில் உள்ள லிட்டர் டேங்கின் கொள்ளளவை விடக் கூடுதலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், அப்படி பில்கள் வருவதுண்டு.

மைலேஜ் ஒரு வாரம் விழுந்தது என்பதற்காக யாரையும் பிடித்துக் கேட்காதீர்கள். அதே வண்டி, அதே பாதை, ஒத்த சுமை என்ற மூன்றும் சேர்ந்து தொடர்ந்து விழுந்தால்தான் அர்த்தம். அப்போதும் முதலில் டயர் காற்று, பிரேக் உரசல், ஏர் ஃபில்டர் பார்த்துவிட்டு அப்புறம் ஆளைப் பாருங்கள்.

ஓட்டுநர் ஒருவர்: மேலே உள்ளதைப் படித்தேன். எப்போதும் எங்களையே சந்தேகப்படுகிறீர்களே, அக்கா. கிடங்கில் இரண்டு மணி நேரம் காக்க வைக்கிறார்கள், அதற்கு யார் கணக்கு எழுதுவது?

நியாயமான கோபம், தம்பி. அந்தக் கணக்கையும் நீங்களே எழுதுங்கள். லாக் புக்கில் வந்த நேரம், இறக்கத் தொடங்கிய நேரம், கிளம்பிய நேரம் என்று மூன்று கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். பெரிய லாரி எஞ்சினை அணைக்காமல் நின்றால் மணிக்குச் சுமார் 3 லிட்டர் குடிக்கும். காத்திருப்பது ஓட்டுநர் தவறில்லை, ஆள் வைக்காத கிடங்கின் தவறு. எழுத்தில் இல்லாத வரை பழி வண்டி ஓட்டியவர் தலையில்தான் விழும்.

அந்த இரண்டு மணி நேரத்தை ஈடுகட்ட வேகமாக ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து 90-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு கால் பங்குக்கு மேல் கூடும். அது டீசல் விஷயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி சாலை விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதியில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். உங்கள் ஊரில் விதி தளர்வாக இருந்தாலும் அதையே நிறுவனத்தின் சொந்த விதியாக வைத்துக்கொள்ளலாம். நல்ல காரியத்துக்காக ஓடுகிறோம் என்பதற்காகத் தூக்கம் வராமல் போகாது.

திட்ட ஒருங்கிணைப்பாளர்: எங்களிடம் நான்கு திட்டங்கள், மூன்று வண்டிகள். எல்லாருக்கும் எப்போதும் வண்டி வேண்டும். கேட்டால் எல்லாம் அவசரம்.

வண்டி இலவசம் என்று நினைக்கிற வரை எல்லாம் அவசரம்தான். நிலையான செலவையும் ஓட்டச் செலவையும் சேர்த்து கி.மீ.க்கு ஒரு உள்கட்டணம் வையுங்கள். எந்தத் திட்டம் வண்டி எடுக்கிறதோ அதன் பட்ஜெட்டில் கழியட்டும். பன்னாட்டு செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கக் கூட்டமைப்பு 1997-லேயே தன் வண்டிகளைத் தன் பணிகளுக்கே வாடகைக்கு விடும் முறையைக் கொண்டுவந்தது. வண்டி விலை, இன்சூரன்ஸ், மாற்று வண்டிக்கான சேமிப்பு எல்லாம் அந்த வாடகைக்குள் வந்துவிடும். உங்கள் மூன்று வண்டிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம், ஒரு எக்செல் தாள் போதும்.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. நன்கொடையாளர்கள் லாரிச் செலவைப் 'நிர்வாகச் செலவு' என்று பார்த்து முகம் சுளிப்பார்கள். பொருளை மக்களிடம் சேர்ப்பது நிர்வாகம் இல்லை, திட்டமேதான். எந்தத் திட்டத்துக்கு எத்தனை கி.மீ. என்று பதிவு இருந்தால், அடுத்த விண்ணப்பத்தில் அந்தந்தத் திட்டத்துக்குள்ளேயே அந்தத் தொகையைக் கேட்கலாம். பதிவு இல்லாதவர்கள்தான் கடைசியில் பொது நிதியிலிருந்து எடுத்து டீசல் போடுகிறார்கள்.

சிறிய அமைப்பின் செயலாளர்: பராமரிப்புக்குப் பணமே இல்லை. கெட்டால் பார்த்துக்கொள்வோம் என்று ஓட்டுகிறோம். எப்போது வண்டியை மாற்றுவது?

கெட்ட பிறகு பார்ப்பதுதான் விலை உயர்ந்த பராமரிப்பு. ரிப்பேர் பில்லோடு இழுவை வண்டி, மாற்று வண்டி வாடகை, வீணான சரக்கு எல்லாம் சேரும். தினமும் காலையில் டயர் காற்று, ஆயில், கூலன்ட், விளக்கு, பிரேக் பார்க்கச் சொல்லுங்கள், காசு ஆகாது. டயர் காற்றை வண்டி கிளம்பும் முன் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயரை யாரும் பார்ப்பதே இல்லை, அதுதான் முதலில் வெடிக்கும்.

மாற்றுவதைப் பற்றி: நிவாரண அமைப்புகளில் ஜீப் வகை வண்டிகளுக்கு 5 ஆண்டு அல்லது 1,50,000 கி.மீ., எது முன்னால் வருகிறதோ அது, என்ற விதி பழக்கத்தில் உண்டு. லாரி அதைவிட நீண்ட நாள் உழைக்கும். உங்களுக்கு என் யோசனை, ஒவ்வொரு வண்டிக்கும் கி.மீ.க்கு ரிப்பேர்ச் செலவு என்ன என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். ஏறிக்கொண்டே போனால், நல்ல விலை கிடைக்கும்போதே விற்றுவிடுங்கள்.

மாணவத் தன்னார்வலர்: வழித்தட மென்பொருள் வாங்கலாமா?

பத்து நிறுத்தத்துக்குள் என்றால் வரைபடமும் அனுபவமுள்ள ஓட்டுநரும் போதும். நிறுத்தங்கள் பெருகி, ஒவ்வொருவரும் 'இந்த நேரத்துக்குள்தான் வர வேண்டும்' என்றால் வாங்குங்கள். அதற்கு முன் அந்த நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அதற்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது.

இன்னொரு தன்னார்வலர்: மின்சார வண்டி?

தினமும் ஒரே குறுகிய சுற்று, இரவில் ஒரே இடத்துக்குத் திரும்பும் வேன் என்றால் நன்றாகப் பொருந்தும். வாங்கும் விலை அதிகம், ஓட்டும் செலவு குறைவு என்பதால், மேலே கணக்காளருக்குச் சொன்ன அதே வகுத்தல் இங்கும் செல்லும். நிறைய ஓடினால்தான் கட்டுப்படியாகும்.

பொருள் சேகரிப்புக் குழுவினர்: யார் என்ன கொடுத்தாலும் போய் எடுத்துவருகிறோம். தவறா?

மனசுக்கு நல்லது, வண்டிக்கு நல்லதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு வந்து குவிந்த மருந்துகள் சுமார் 4,000 டன். தேவைக்கு மிஞ்சியவை, காலாவதியானவை, உள்ளூர் மொழியில் லேபிள் இல்லாதவை எல்லாம் அதில் இருந்தன. அவற்றை இறக்க, அடுக்க, அழிக்க ஆன செலவும் உழைப்பும் நிவாரணத்திலிருந்து போனவைதான். வேண்டியவை எவை, வேண்டாதவை எவை என்று பட்டியல் போடுங்கள். குறைந்தபட்ச அளவு ஒன்று வையுங்கள். இரண்டு பைக்காக லாரி போக வேண்டாம், அவர்களே கொண்டுவந்து தரட்டும்.

பழைய வண்டிகளை விற்க நினைப்பவர்: ஏலமா, நேரடி விற்பனையா?

அறங்காவலர் குழுவின் தீர்மானத்தோடு, குறைந்தது மூன்று விலைப்புள்ளி வாங்கி விற்றாலும் சரி, ஏலம் விட்டாலும் சரி. குழு உறுப்பினரின் உறவினருக்கு மட்டும் வேண்டாம், விலை சரியாகவே இருந்தாலும் பேச்சு வரும். ஜிபிஎஸ் கருவியைக் கழற்றிவிடுங்கள், எரிபொருள் அட்டையை ரத்து செய்யுங்கள், உரிமை மாற்றம் பதிவாகும் வரை இன்சூரன்ஸை நிறுத்தாதீர்கள். கதவில் உள்ள உங்கள் பெயரையும் சின்னத்தையும் விற்பதற்கு முன்பே அழித்துவிடுங்கள். வாங்கியவர் அதில் என்ன ஏற்றுவார் என்று யாருக்குத் தெரியும்?