தீபாவளி ஸ்வீட் பாக்ஸில் என்ன இருக்கு? கேள்வி பதில்

கம்பெனிக்குப் பொருள் வாங்கும் பர்ச்சேஸ் பிரிவில் 22 வருஷம் குப்பை கொட்டியவன். தீபாவளி நெருங்குவதால், தொழிலில் பரிசு வாங்குவது, கொடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சப்ளையர் வீட்டுக்கே வந்து ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துட்டுப் போனார். திருப்பிக் கொடுத்தா முகத்தில் அடிச்ச மாதிரி ஆகாதா?

ஆகும். ஸ்வீட்தான் என்றால் திருப்ப வேண்டாம். மறுநாள் ஆபீஸுக்கு எடுத்து வந்து எல்லோருக்கும் கொடுங்கள். அவருக்கு போன் போட்டு, "எல்லோரும் சாப்பிட்டோம். அடுத்த தடவை ஆபீஸுக்கே அனுப்பிடுங்க" என்று சொன்னால் போதும்.

ஆனால் முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு சப்ளையரிடமிருந்து எனக்கு ஒருமுறை வந்த முந்திரி கத்லி பாக்ஸில், அடித்தாளுக்குக் கீழே சின்ன சிவப்புப் பை. உள்ளே 2 கிராம் தங்கக் காசு. அந்த வாரம் அவருடைய கொட்டேஷன் (விலைப்புள்ளி) என் மேசையில் இருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டி, ஒரு லெட்டர் வைத்துத் திருப்பி அனுப்பினேன். சப்ளையர் போனில் சொன்னது: "என்ன சார், எல்லாருக்கும்தானே கொடுத்தோம்!" அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஆபீஸில் வேறு யாரும் எதையும் திருப்பியதாக நான் கேள்விப்படவே இல்லை.

எத்தனை ரூபாய் வரை வாங்கலாம்?

தனியார் என்றால் உங்கள் கம்பெனி பாலிசி என்ன சொல்கிறதோ அதுதான். ஆனால் தொகையைவிட நேரத்தைப் பாருங்கள். கொட்டேஷன் உங்கள் கையில் இருக்கும்போது ஒரு டைரிகூட வேண்டாம்.

டீலருக்கு டிவி கொடுக்கப் போறோம். கணக்கில் எப்படிக் காட்டுவது?

ஒரு டீலருக்குக் கொடுப்பதன் மதிப்பு வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி. 2022 ஜூலை 1 முதல் இதுதான் நடைமுறை. மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

மெடிக்கல் ரெப் நான். டாக்டருக்குக் கொடுப்பது விளம்பரச் செலவுதானே?

இல்லை. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் இதே வாதத்தோடு உச்ச நீதிமன்றம் வரை போனது. டாக்டர்களுக்குப் போனதில் தங்கக் காசு, ஃபிரிட்ஜ், லேப்டாப் எல்லாம் இருந்தன. அதற்கு வரிச் சலுகை கிடையாது என்று 2022 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 2024இல் வந்த மருந்து விற்பனை நெறிமுறையும் டாக்டருக்குப் பரிசு கூடாது என்கிறது.

பில் பாஸ் பண்ற மத்திய அரசு இன்ஜினீயர் வீட்டுக் கல்யாணம். நான் கான்ட்ராக்டர். மொய் எழுதலாமா?

நம்மூரில் இதுதான் சிக்கல். மொய் வைக்காமல் எப்படிச் சாப்பிடுவது? ஆனால் மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகள்படி, கல்யாணத்தில் அவர் பரிசு வாங்கலாம் என்பது நெருங்கிய உறவினரிடமும், அலுவல் தொடர்பில்லாத நண்பரிடமும்தான். நீங்கள் இரண்டிலும் சேரமாட்டீர்கள். பில்லுக்காகக் கவரை கனமாக்கினால் அது லஞ்சம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவருக்கும் 7 வருஷம் வரை சிறை உண்டு. அவரே மிரட்டி வாங்கியிருந்தால், 7 நாளுக்குள் புகார் கொடுத்தால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

அதனால் கவர் எடுக்காமல் போங்கள். அட்சதை போட்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மொய் மேசை பெரும்பாலும் வாசல் பக்கம்தான் இருக்கும். தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வந்துவிடலாம்.