பேச்சாளரைக் குறையுங்கள், பெஞ்சைத் திருப்பிப் போடுங்கள்

கேள்வி: ஐயா, பாலக்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களைச் சேர்ந்த ஆறு நண்பர்கள் நாங்கள். மூன்று பேருக்கு ஓசூரில் வேலை. சாதி, மதம் பார்க்காமல் கூடிப் பேச ஒரு மனிதநேயக் குழு தொடங்கி மூன்று கூட்டம் நடத்தினோம். முதல் கூட்டத்துக்கு 22 பேர் வந்தார்கள். மூன்றாவதுக்கு எங்களையும் சேர்த்து 8 பேர். பெண்கள் ஒருவரும் வரவில்லை. குழுவைப் பதிவு செய்ய வேண்டுமா? போலீஸ் அனுமதி வேண்டுமா? மாதாமாதம் என்னதான் செய்வது? மதியச் சாப்பாடு போட்டால் ஆள் சேருமா? எங்கள் அழைப்பிதழையும் இணைத்திருக்கிறோம்.

பதில்: முதல் கூட்டத்துக்கு வந்த 22 பேரும் உங்கள் முகத்துக்காக வந்தவர்கள். கூப்பிட்டீர்கள், மறுக்க மனமில்லாமல் வந்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் இருந்த 8 பேர்தான் உங்கள் குழு. ஆள் குறைந்துவிட்டது என்று கவலைப்படாதீர்கள், கணக்கு இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது.

அழைப்பிதழைப் பார்த்தேன். தலைமை ஒருவர், முன்னிலை நால்வர், வரவேற்புரை, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. பொன்னாடை போர்த்தியிருப்பீர்கள், கேட்கவே வேண்டாம். இரண்டரை மணி நேரக் கூட்டத்தில் வந்தவர் வாய் திறக்க ஐந்து நிமிடமாவது கிடைத்திருக்குமா? கட்சிக் கூட்டத்தையும் கோயில் விழாவையும் பார்த்துப் பழகிய கை நமக்கு. மேடை போடாமல் கூட்டம் நடத்த வராது. கிருஷ்ணகிரியில் நாங்கள் தொடங்கியபோதும் இதே கதைதான். ஒருவர் 20 நிமிடம் பேசட்டும், மிச்ச நேரம் கேள்வி. பெஞ்சுகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகத் திருப்பிப் போடுங்கள். நடத்துகிறவர் மாதம் ஒருவராக மாறட்டும். பொன்னாடைக் காசில் டீ வாங்கலாம்.

பெயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ‘மனிதநேயம்’ என்றால் நம் பக்கத்தில் ரத்த தானம், ஏழைகளுக்கு வேட்டி சேலை என்று எடுத்துக்கொள்வார்கள். ‘பகுத்தறிவு’ என்றால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள். ‘மானுடவாதம்’ என்றால் கல்லூரிப் பாடம் போல இருக்கும். கடவுள் துணையைக் கோராமல், மனித அறிவையும் பரிவையும் கொண்டே நல்ல வாழ்வு வாழலாம் என்பது இதன் சாரம். 1952-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி உலக அளவில் அமைப்பாக்கினார்கள். ஜூன் 21-ஐ உலக மானுடவாத நாளாகக் கொண்டாடுகிறார்கள். இறக்குமதிச் சரக்கு என்று யாராவது சொன்னால், 1880-களிலேயே சென்னையில் மதத்தைக் கேள்வி கேட்ட இலௌகிக சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ என்ற பத்திரிகை நடத்தியதைச் சொல்லுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்தறியும் உணர்வையும் வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாகவே வைத்திருக்கிறது. 1976-ல் 42-வது திருத்தத்தில் வந்தது அது. பலகையில் எந்தப் பெயரையும் எழுதுங்கள், விளக்கம் மட்டும் இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம்.

இனி சட்டம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். உறுப்பினர் 20 பேரை எட்டினாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ, மூன்று மாதத்துக்குள் பதிவு செய்தே ஆக வேண்டும். நீங்கள் இன்னும் அங்கே வரவில்லை. ஓராண்டு பொறுங்கள். பதிவு செய்த மறுநாளே தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று நாற்காலிகள் வந்துவிடும். எட்டுப் பேருக்குள் மூன்று நாற்காலி என்றால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டப்பா போதும். டப்பாவில் விழுந்ததையும் செலவானதையும் ஒவ்வொரு கூட்டத் தொடக்கத்திலும் வாய்விட்டுப் படியுங்கள். தொகை வரம்பைத் தாண்டினால் மறைக்காமல் பதிவு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

நான்கு சுவருக்குள், மைக் இல்லாமல் கூடிப் பேச யாரிடமும் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியதில்லை. தெருமுனை, மைக், ஊர்வலம் என்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. ஒரு மதத்தவரைப் புண்படுத்தும் கெட்ட நோக்கத்தோடு வேண்டுமென்றே அவர்கள் நம்பிக்கையை இழிவுபடுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 299-வது பிரிவு பாயும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ. நம்பிக்கையைக் கேள்வி கேட்பது வேறு, நம்புகிறவரைக் கேலி செய்வது வேறு. வழக்குக்குப் பயந்து சொல்லவில்லை. நெற்றியில் திருநீறோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவரைச் சிரிக்கவைத்து அனுப்பினால் அடுத்த மாதமும் வருவார். அவரைப் பார்த்துச் சிரித்தால் அவர் தெருவே வராது.

இடத்தைத்தான் மிக யோசித்து எடுக்க வேண்டும். ஒரு காதல் திருமணத்தை வைத்து தலித் காலனிகளைக் கொளுத்திய 2012 நவம்பரைப் பார்த்த தருமபுரி மாவட்டம் இது. ஊரில் வைத்தால் காலனிக்காரர் தயங்குவார். காலனியில் வைத்தால் ஊர்க்காரர் ஏதாவது சாக்குச் சொல்வார். யாருடைய வீட்டுத் திண்ணையும் பொது இடம் ஆகாது. பேருந்து நிலையத்தை ஒட்டிய பக்கம் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் டியூஷன் சென்டர் என்றால் பெஞ்சும் கரும்பலகையும் இருக்கும். பூட்டும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெண்கள் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கே இருக்கும். பொது நூலகத்தில் வாசகர் வட்டம் இயங்கினால் அதில் சேர்ந்து நூல் அறிமுகக் கூட்டங்களை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை 10.30 முதல் 1 மணி வரை என்று ஒன்றை வைத்தால் மாற்றாதீர்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பவர்கள் சனி இரவு வந்து ஞாயிறு மாலை பஸ் பிடிக்க வேண்டும். ஒரு சங்கடம்: வைகாசி, ஆவணி, தை மாதங்களில் அந்த ஞாயிறு முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சாங்கம் பார்த்துப் பகுத்தறிவுக் கூட்டம் நடத்துவதா என்று என் நண்பர் ஒருவர் இன்றும் கிண்டல் செய்கிறார். முகூர்த்த நாளில் வைத்துவிட்டு காலி பெஞ்சைப் பார்த்துப் பேசியவரும் அவர்தான்.

என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதத்தை மூன்று கூட்டத்துக்கு மேல் இழுக்க முடியாது. நாலாவதில் பேசியவர்களே பேசுவார்கள். ஒருவருக்குச் சடங்கு எங்கே தேவைப்படுகிறது என்று பாருங்கள். கல்யாணத்தில், சாவில், வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கும்போது. அந்த நேரத்தில் உங்கள் குழுவால் கை கொடுக்க முடிந்தால் ஊருக்கு நீங்கள் தேவைப்படுவீர்கள்.

சாவு வீட்டில் தொடங்குகிறேன். கண் தானம் என்றால், இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். சர்க்கரை நோய், கண்ணாடி போட்டது, கண்புரை ஆபரேஷன் எதுவும் தடையில்லை. இமையை மூடி மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வைத்துவிட்டுக் கண் வங்கியை அழைக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் இதெல்லாம் யாருக்கும் நினைவு வராது. உங்களில் ஒருவர் போய் நிற்க வேண்டும். உடல் கொடை என்றால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உயிரோடிருக்கும்போது எழுதிக் கொடுத்தாலும் கடைசியில் குடும்பத்தார் சம்மதம்தான் நடைமுறையில் செல்லும்; மகனும் மகளும் உட்கார்ந்திருக்கும்போதே அதைப் பேசிவிடச் சொல்லுங்கள். மருத்துவரின் இறப்புச் சான்று வேண்டும். பிரேதப் பரிசோதனை செய்த உடலைப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதினாறாம் நாளுக்குப் பதில் படத்திறப்பு வைப்பவர்களுக்கு ஒரே யோசனை: கொள்கை விளக்கம் வேண்டாம். இறந்தவரோடு தக்காளி மண்டிக்கு மூட்டை ஏற்றியவர், அவரிடம் பள்ளிக்கூடம் படித்தவர், சம்பந்தி வீட்டம்மா என்று ஆளுக்கு மூன்று நிமிடம் அவரைப் பற்றிப் பேசட்டும்.

கல்யாணத்துக்குச் சட்டம் துணை இருக்கிறது. 1967-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் இருவரும் தமக்குப் புரியும் மொழியில் கணவன், மனைவியாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். புரோகிதர் வேண்டியதில்லை. ஊரறிய விழா எடுப்பதும் கட்டாயமில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவரும் இந்து என்ற வரையறைக்குள் வந்தால்தான் இது பொருந்தும். மதம் வேறு என்றால் 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் அறிவிப்பு. எந்த வழியில் நடந்தாலும் பதிவில் தவறாதீர்கள். 7ஏ திருமணத்தை 2009-ன் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள், தாமதக் கட்டணத்தோடு 150 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21 நிறைந்ததற்கான சான்றைப் பார்க்காமல் மாலையை எடுத்துக் கொடுக்காதீர்கள். குழந்தைத் திருமணம் பற்றிக் காதில் விழுந்தால் 1098-க்கு அழையுங்கள். நீங்களே படை திரண்டு வாசலில் நிற்கக் கூடாது. அந்தப் பெண் நாளைக்கும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

மந்திரமா தந்திரமா நிகழ்ச்சிக்கு எங்கேயும் கூட்டம் சேரும். கத்தியில் செம்பருத்திச் சாற்றைத் தடவிக் காயவைத்து எலுமிச்சையை வெட்டினால் ‘ரத்தம்’ வரும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவக்கும். குழந்தைகள் கையாலேயே செய்யவிடுங்கள். நெருப்பு வித்தையைப் பள்ளிக்கூடத்தில் காட்டவே வேண்டாம். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு அம்மா தனியாக வந்து, என் மகளுக்குக் காத்து கருப்பு அண்டியிருக்கிறது என்பார். அங்கே தந்திரத்தை விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமனாஸின் 14416 எண்ணைக் கொடுத்து, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூடவே போய்வாருங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை வெளியே கூட்டிப்போங்கள். தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்கள், கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லசந்திரம் கல்திட்டைகள். ஆநிரை மீட்டு மாண்டவனையும் கல்லில் வைத்த மண் இது. கணவனோடு தீயில் விழுந்தவளையும் வைத்தது. எந்தச் சாவை ஊர் கொண்டாடியது, ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், நம்மைவிட நன்றாகப் பேசுவார்கள். 2027 ஆகஸ்ட் 2 மாலை சூரிய கிரகணம், நமக்குப் பகுதியாகத் தெரியும். தரமான கிரகணக் கண்ணாடி வாங்கி வைத்து, வெறும் கண்ணால் யாரையும் பார்க்கவிடாமல், மாங்காய் நறுக்கிக் கொடுத்துத் தின்றுகொண்டே பார்க்கச் சொல்லுங்கள்.

பெண்களைப் பற்றி நீங்களே யோசித்துப் பாருங்கள். ஞாயிறு காலை 10.30-க்கு உங்கள் வீட்டில் கறிக்குழம்பு யார் வைக்கிறார்கள்? அவர்கள் எப்படி வர முடியும்? முதலில் உங்கள் ஆறு பேர் வீட்டிலிருந்தும் மனைவியோ அக்காவோ அம்மாவோ வரட்டும். பிள்ளைகளுக்குப் பக்கத்து அறையில் படம் வரைய ஆள் வையுங்கள், அந்த ஆள் ஆணாக இருக்கட்டும். அடுத்த கூட்டத்தின் தலைப்பை அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சாப்பாடு. சமையல்காரரை வைத்துப் பந்தி போட்டால் ஆள் வரும், இலையை எடுத்ததும் போய்விடும். மாதக் கூட்டத்துக்கு டீயும் அவித்த கடலைக்காயும் போதும். டம்ளரை அன்று பேசியவர் கழுவட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவதை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுங்கள். ஊரிலிருந்து ஒரு தூக்கு, காலனியிலிருந்து ஒரு தூக்கு. களி, கீரை, புளிச்சாதம் எதுவானாலும் சரி. அன்றைக்கென்று விரதம் இருப்பவர் யார், வயிறு சரியில்லை என்பவர் யார், எந்தத் தூக்கு திறக்கப்படாமலே திரும்பிப் போகிறது என்று கவனியுங்கள். யாரையும் அங்கேயே பிடித்துக் கேட்காதீர்கள். திறக்காத தூக்கைத் திறந்து முதலில் நீங்கள் ஆறு பேரும் போட்டுச் சாப்பிடுங்கள்.