பேஸ்பால் கதவடைப்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க பேஸ்பாலில் மறுபடியும் கதவடைப்பு வரும் என்கிறார்கள். அணி முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையே உள்ள இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதியோடு முடிகிறது. நட்சத்திர ஆட்டக்காரர் ஒதானிக்கு 70 கோடி டாலர் கொடுத்தார்களே, இன்னும் என்ன வேண்டுமாம்? ஒரு பக்கம் கோடீஸ்வரர்கள், எதிரில் அவர்களைவிடப் பெரிய கோடீஸ்வரர்கள், நடுவில் டிக்கெட் வாங்கும் நாம். ஓர் அணி கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தால் டிக்கெட் விலையாவது குறையாதா? 2027 சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்று வீட்டில் விவாதம் ஓடுகிறது. எனக்கு இரண்டு தரப்பின் மேலும் ஒரே அளவு வெறுப்புதான்.

எம்., நியூ ஜெர்சி

அன்புள்ள எம்.,

ஒரே அளவு வெறுப்பு என்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு தொகைதான் இருக்கிறது, அதுவும் ஆட்டக்காரருடையது. அது உங்கள் தவறல்ல. ஆட்டக்காரர்களின் சம்பளம் பைசா சுத்தமாகச் செய்தியில் வந்துவிடுகிறது. பங்குச்சந்தையில் இருக்கும் அட்லாண்டா பிரேவ்ஸ் போன்ற ஒன்றிரண்டு அணிகளைத் தவிர, மற்ற முதலாளிகளின் கணக்கு வெளியே வருவதில்லை. அந்த 70 கோடியிலும் ஒதானி இப்போது வாங்குவது ஆண்டுக்கு 20 லட்சம்தான். மீதி 68 கோடியை 2034 முதல் 2043 வரை கொடுப்பதாக ஏற்பாடு.

டிக்கெட் விலைக்கும் சம்பளத்துக்கும் நீங்கள் நினைக்கும் உறவு கிடையாது. நீங்கள் எவ்வளவு வரை கொடுக்கத் தயாராக இருக்கிறீர்களோ அதுதான் விலை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பல பத்தாண்டுகள் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே கிடையாது. அங்கே டிக்கெட் சும்மாவா கிடைத்தது? உச்சவரம்பு வந்தால் மிச்சமாகும் பணம் முதலாளியிடம் நிற்குமே தவிர உங்கள் பைக்கு வராது.

சண்டையின் மையத்தில் இருப்பவர் ஒதானி அல்ல, முதல் மூன்று ஆண்டுகளில் இருக்கும் பையன். 26 பேர் கொண்ட அணியில் இப்படிப் பலர் இருப்பார்கள். 2026-இல் குறைந்தபட்சச் சம்பளம் 7 லட்சத்து 80 ஆயிரம் டாலர். நமக்கு அது பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த ஆண்டுகளில் அணி சொல்வதுதான் சம்பளம், வேறு அணிக்கும் போக முடியாது. ஏறக்குறைய மூன்று ஆண்டு முடிந்த பிறகுதான் சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் குழுவிடம் போகும் உரிமை. அங்கே ஒரு வேடிக்கை: ஆட்டக்காரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும், குழு இரண்டில் ஒன்றை அப்படியே எடுக்க வேண்டும். நடுவில் ஒரு தொகையைச் சொல்ல அதிகாரம் இல்லை. அதனால் இரு தரப்பும் அளவுக்கு மீறிக் கேட்கப் பயந்து, பெரும்பாலும் விசாரணைக்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளும். ஆறு ஆண்டு சேவை முடிந்தால்தான் விரும்பிய அணியோடு பேரம் பேசலாம்.

சேவை ஆண்டு ஒன்று என்றால் 172 நாள். சிகாகோ கப்ஸ் அணி 2015-இல் கிரிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் 17 அன்றுதான் கீழ்நிலை அணியிலிருந்து மேலே அழைத்தது. அந்த ஆண்டு அவர் கணக்கில் சேர்ந்தது 171 நாள். ஒரு நாள் குறைந்ததால் அணிக்கு அவர் இன்னொரு ஆண்டு கிடைத்தார். அவர் முறையீடு செய்து 2020-இல் தோற்றார். நல்ல ஆட்டக்காரரை ஏப்ரலில் உங்கள் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தது எந்தத் தரப்பு என்று கவனியுங்கள்.

இனி, சண்டை எப்போது வருகிறது என்பது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் சீசன் நடக்கும் மாதங்களில் மட்டும் வருகிறது. முதலாளிகளுக்குத் தொலைக்காட்சியிலிருந்து பெரிய பணம் அக்டோபர் இறுதிச் சுற்றுகளில் வருகிறது. 1994-இல் முதலாளிகள் உச்சவரம்பு கேட்டபோது ஆட்டக்காரர்கள் ஆகஸ்ட் 12-இல் வேலைநிறுத்தம் தொடங்கியது இதனால்தான். அதற்குள் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கைக்கு வந்துவிட்டது, அக்டோபர் இன்னும் வரவில்லை. செப்டம்பர் 14-இல், சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடர் ரத்து. 74 வெற்றி, 40 தோல்வியோடு எல்லோருக்கும் மேலே இருந்த மான்ட்ரியால் எக்ஸ்போஸின் ஆண்டு அதோடு போயிற்று. பத்து ஆண்டு கழித்து அந்த அணியே வாஷிங்டனுக்குப் போய்விட்டது. 1995 வசந்தத்தில் முதலாளிகள் கருங்காலிகளைத் திரட்டிப் பயிற்சி ஆட்டம் நடத்தினார்கள். மார்ச் 31-இல் நீதிபதி சோனியா சோட்டோமேயர் பழைய விதிகளையே தொடரச் சொல்லி உத்தரவிட்ட பிறகுதான், 232 நாளுக்குப் பின் எல்லாம் முடிந்தது.

அந்தப் பாடத்தை முதலாளிகள் மறக்கவில்லை. ஒப்பந்தம் இல்லாமல் சீசனைத் தொடங்கினால் கத்தி ஆகஸ்டில் தங்கள் கழுத்துக்கு வரும். ஆகவே 2021-இல் ஒப்பந்தம் முடிந்த மறுநொடியே, டிசம்பர் 2 அதிகாலையில் அவர்களே கதவை அடைத்தார்கள். செய்திகள் இதையும் 'ஸ்டிரைக்' என்று எழுதும். வேலைநிறுத்தம் வேறு, கதவடைப்பு வேறு. அவசரம் என்று சொல்லி அடைத்தவர்கள் முக்கியமான பண விஷயங்களில் அடுத்த முன்மொழிவை வைத்தது ஜனவரி 13-இல், ஆறு வாரம் கழித்து. மார்ச் 1-இல் முதல் வார ஆட்டங்கள் ரத்து என்றார்கள். மார்ச் 10-இல் உடன்பாடு வந்ததும், ரத்து செய்த ஆட்டங்கள் உட்பட, ஓர் அணிக்குச் சீசனில் உள்ள 162 ஆட்டங்களையும் ஆடி முடித்தார்கள்.

ஆகவே உங்கள் வீட்டு விவாதத்துக்கு: டிசம்பரிலும் ஜனவரியிலும் வரும் செய்திகளைப் படித்து ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்ள வேண்டாம். குளிர்காலத்தில் இரு தரப்புக்கும் நஷ்டம் குறைவு, நகர மாட்டார்கள். பிப்ரவரி நடுவில் பயிற்சி முகாம் திறக்கிறதா என்று பாருங்கள், திறக்காவிட்டால்தான் கவலை. உச்சவரம்பு வந்தே தீர வேண்டும் என்று முதலாளிகள் நின்றால் நீளும். அதற்காக ஐஸ் ஹாக்கியில் 2004-05 சீசன் முழுவதையும், 1,230 ஆட்டங்களையும் இழந்தார்கள்.

சீசன் டிக்கெட்டுக்கு முழுத் தொகையைக் கட்டாதீர்கள், தவணை இருந்தால் தவணை. ரத்தாகும் ஆட்டத்துக்குப் பணம் திரும்ப வருமா அல்லது அடுத்த ஆண்டுக் கணக்கில் வரவு வைப்பார்களா, கேட்டால் எத்தனை நாளில் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்தி வையுங்கள்.

பேஸ்பால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் மாநிலத்திலேயே, பிரிட்ஜ்வாட்டரில், சாமர்செட் பேட்ரியாட்ஸ் இருக்கிறது; நியூயார்க் யாங்கீஸின் டபுள்-ஏ எனப்படும் கீழ்நிலை அணி. கீழ்நிலை ஆட்டக்காரர்களுக்குத் தனி ஒப்பந்தம், அது 2027 சீசன் வரை செல்லும். 2022 கதவடைப்பிலும் கீழ்நிலை ஆட்டக்காரர்களின் பயிற்சி முகாம்கள் நடந்தன. ஒரே குறை, யாங்கீஸின் மேல்நிலை ஒப்பந்தத்துக்குள் வரும் 40 பேர் பட்டியலில் இருக்கும் பையன்களை அங்கேயும் பார்க்க முடியாது, அவர்களுக்கும் கதவு அடைத்திருக்கும்.