ஒரு பிடி நெல்லும் ஒரு துளி ரத்தமும்

அன்புள்ள ஐயா,

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பரிசோதனைக்குத் தஞ்சாவூர் போய்வருவதே அவருக்குப் பெரும்பாடு. சர்க்கரை பார்க்கும் கருவியைப் போலவே, ஒரு துளி ரத்தத்தில் புற்றணுவைக் கண்டுபிடிக்கும் மலிவான உயிரியுணரி வந்துவிட்டதாக ஒரு காணொளி சொல்கிறது. நம்பலாமா?

– வாசகர், நீடாமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

கொள்முதல் நிலையத்தில் குவியலுக்குள் கைவிட்டு அள்ளிய ஒரு பிடி நெல்லை வைத்தே ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதா என்று சொல்லிவிடுகிறார்கள் (அந்த எண்ணால் நாம் படும் பாடு வேறு கதை). ஈரம் குவியல் முழுவதும் பரவியிருப்பதால் ஒரு பிடி போதும். அதே குவியலில் பத்துக் கலவன் மணிகள் (வேற்று ரக நெல்) கிடக்கின்றனவா என்பதை அந்தப் பிடியை வைத்துச் சொல்ல முடியாது.

சர்க்கரை, ஈரத்தைப் போல எந்தத் துளியிலும் இருக்கும். புற்றணுவோ கலவன் மணி. 1 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 500 கோடி சிவப்பணுக்களுக்கு நடுவே, நோய் பரவியவர்களிடம்கூடப் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் அது இருக்கும். ரத்தத்தில் புற்றணுவைத் தேடி எண்ணுவதற்கு அமெரிக்காவில் 2004-இல் அனுமதி பெற்ற 'செல்சர்ச்' முறைக்கு 7.5 மில்லி ரத்தம் வேண்டும். பரவிய மார்பகப் புற்றுநோயில் அந்த அளவு ரத்தத்தில் 5 புற்றணுக்கள் தென்பட்டாலே நோயின் போக்கு கடுமையானதென்று கொள்கிறார்கள். துளிக்கு 0.05 மில்லி என்று வைத்தால் அது 150 துளி. அவற்றில் குறைந்தது 145 துளிகளில் ஒரு புற்றணுவும் இராது. எவ்வளவு கூர்மையான உணரியும் அந்தத் துளிகளைப் பார்த்து 'இல்லை' என்றே சொல்லும், அது பொய்யும் ஆகாது.

ஆகவே உணரிக்கு முன்னால் தூற்றிப் பிரிக்கும் வேலை இருக்கிறது. செல்சர்ச் முறையில், புற்றணுவின் மேலுறையிலுள்ள 'எப்காம்' என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் காந்தத் துகள்களில் பூசி, அணுக்களை இழுத்தெடுக்கிறார்கள். அந்தப் புரதத்தை இழந்துவிட்ட புற்றணுக்கள் இதிலும் நழுவிவிடும். உணரியின் மின்முனையை மலிவாக அச்சிடலாம், செலவெல்லாம் இந்தப் பிரிப்பில்தான் என்பது என் கணிப்பு. அடுத்த முறை இப்படியொரு காணொளியைப் பார்த்தால், சோதித்தது நோயாளியின் ரத்தத்தையா, ஆய்வகத்தில் வளர்த்த புற்றணுக்களை வேண்டிய அளவு கலந்த திரவத்தையா என்று மட்டும் கவனியுங்கள்.

அக்கா தஞ்சாவூர்ப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். சிகிச்சை முடிந்தவர்களுக்கு மருத்துவர் தொட்டுப் பார்ப்பதும் ஆண்டுக்கொரு மேமோகிராமுமே (மார்பக எக்ஸ்ரே) இன்றும் வழக்கமான கண்காணிப்பு. புதிய கட்டியோ விடாத எலும்பு வலியோ தெரிந்தால், குறித்துக் கொடுத்த தேதிவரை காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.