ஒரு கட்டுரைக்கு ஒரு ரூபாய்

கேள்வி: டெல்டாவின் பாசன வாய்க்கால்களைப் பற்றி வாரம் இரண்டு கட்டுரைகள் இணையத்தில் எழுதுகிறேன். கட்டுரைக்கு 1 ரூபாய் என்று வைத்ததும், வழக்கமாகப் படிப்பவர்களில் மிகச் சிலரே பணம் செலுத்தினார்கள். டீக்கடையில் யோசிக்காமல் ஸ்கேன் செய்பவர்கள் இங்கே தயங்குவது ஏன்?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: உங்கள் எழுத்துக்கு மதிப்பில்லை என்று இதை வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். டீயைக் குடித்து முடித்த பிறகே காசு கொடுக்கிறோம். கட்டுரைக்கோ, அது எப்படியிருக்கும் என்று தெரியுமுன்பே, ‘ஒரு ரூபாய் தகுமா’ என்று ஒவ்வொரு முறையும் யோசித்து, செயலியைத் திறந்து, ரகசிய எண்ணை அழுத்த வேண்டியிருக்கிறது. தொகை எவ்வளவு குறைந்தாலும் இந்த யோசனையின் பாரம் குறைவதில்லை. நெதர்லாந்தில் 2014-இல் தொடங்கிய ப்ளெண்டில் நிறுவனம், பத்திரிகைக் கட்டுரைகளைத் தனித்தனியாக விற்றுப் பார்த்துவிட்டு, 2019-இல் அம்முறையைக் கைவிட்டுச் சந்தாவுக்கு மாறியது.

வங்கிக் கட்டணம் நம் நாட்டில் அவ்வளவு பெரிய தடையன்று. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகச் செலுத்தும் தொகைக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. ஆனால் பணம் வந்ததைச் சரிபார்த்துக் கட்டுரையைத் தானாகத் திறந்துவிட இடையில் ஒரு பேமென்ட் கேட்வே வேண்டும். அதை நடத்தும் நிறுவனம் தன் சேவைக்குத் தனியே கேட்கக்கூடும். பணம் போய்க் கட்டுரை திறக்காத வாசகருக்குப் பதில் சொல்லி, கணக்கைத் தேடிப் பிடித்து, அந்த 1 ரூபாயைத் திருப்பி அனுப்பும் உழைப்பைத்தான் யாரும் முன்கூட்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2022-இல் வந்த யுபிஐ லைட், ரகசிய எண் கேட்காமலும் பாஸ்புக்கை நிரப்பாமலும் சிறு தொகைகளை அனுப்ப உதவுகிறது. விரலின் வேலை அதனால் குறையும், மனத்தின் தயக்கம் அப்படியே இருக்கும்.

உங்கள் வட்டாரத்தில் முன்பு தச்சருக்கும் கொல்லருக்கும் வேலைக்கு வேலை கூலி பேசாமல், அறுவடைக் களத்தில் நெல்லாக அளந்து கொடுத்தார்கள். அவ்வாறே நீங்களும் போகத்துக்கு ஒருமுறை வாங்கலாம் என்பது என் கருத்து. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஐ ஒட்டிக் குறுவைக்கென்று ஒரு தொகை, பிறகு சம்பாவுக்கு ஒன்று என்று வையுங்கள். நான்கு மாதத்துக்கு ஏறத்தாழ 35 கட்டுரைகள் வருமாதலால், உங்கள் கணக்குப்படியே 35 ரூபாய் போதும். அதற்கு முன், பழைய கட்டுரைகளில் ஐந்தாறையேனும் எவரும் படிக்கும்படி இலவசமாகத் திறந்து வையுங்கள்.