கென்னடி கையெழுத்துப் போட்ட கடிதம் அசல்தானா?

1961-ல் வெள்ளை மாளிகைத் தாளில் தட்டச்சான, அமெரிக்க ஜனாதிபதி ஜான் எஃப். கென்னடி கையெழுத்துள்ள நன்றிக் கடிதம் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். அவசரம் வேண்டாம். அவர் பெயரில் போன கடிதங்களில் ஏராளமானவற்றில் கையெழுத்துப் போட்டது ஆட்டோபென் (ஒருவரின் கையெழுத்தை அச்சில் பதித்தது போல் பேனாவால் திரும்பத் திரும்ப எழுதும் இயந்திரம்) அல்லது செயலாளர்கள்தான்.

முதலில் 10 மடங்கு லென்ஸில் மைக்கோட்டைப் பாருங்கள். மனிதக் கை வேகமெடுக்கும் இடத்தில் கோடு மெலியும், திரும்பும் இடத்தில் தடிக்கும். இயந்திரக் கோடு முழுக்க ஒரே தடிமன். தொடக்கத்திலும் முடிவிலும் பேனா நின்ற புள்ளி தெரியலாம். அடுத்து, வெளியாகியிருக்கும் ஆட்டோபென் மாதிரிகளை அதே அளவில் அச்செடுத்து, கடிதத்தோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அச்சு அசலாகப் பொருந்தினால் விட்டுவிடுங்கள். யாருமே இரண்டு முறை ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை. செயலாளர் போட்டதற்கு இந்தச் சோதனை உதவாது. அங்கே எழுத்தின் வடிவத்தை ஒப்பிட்டே ஆகவேண்டும்.

ஜனாதிபதி பெயரில் அமெரிக்க அரசு நிலம் வழங்கிய பழைய பட்டாக்களிலும் இதே சிக்கல் உண்டு. 1833-ல் வந்த சட்டத்தால், அதன்பின் ஜனாதிபதி பெயரைச் செயலாளரே எழுதினார்.

வாங்கினால் லேமினேட் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். பி.வி.சி. உறை வேண்டாம், பாலியெஸ்டர் உறையில் போட்டு வெயில் படாமல் வையுங்கள்.